கதைசொல்லியை எங்கே வைத்தார்கள்? தொலைக்காட்சி விருது நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பிரிட்டனின் பாஃப்டா, அமெரிக்காவின் எம்மி ஆகிய விருதுகளுக்காக நாடகத் தொடர்களை மதிப்பிடும் நடுவர்கள்

மதிப்பிற்குரிய நடுவர் பெருமக்களுக்கு,

வணக்கம். விக்டோரிய காலத்து ஆங்கில நாவல் ஒன்று தொலைக்காட்சித் தொடராக வெளிவரும் ஒவ்வொரு முறையும் அதை எடைபோட இரண்டு படிக்கற்களே எடுக்கப்படுகின்றன. உடையும் வண்டியும் மாளிகையும் எவ்வளவு அசலாக இருக்கின்றன என்பது ஒன்று. நூலில் உள்ள நிகழ்ச்சிகளில் எத்தனை விடுபடாமல் வந்திருக்கின்றன என்பது மற்றொன்று. ஒரு நாடகத் தொடரின் தகுதியை அறிய இவ்விரண்டும் போதா என்பதையும், நாவலில் கதை சொன்ன குரலைத் தொடர் என்ன செய்தது, தவணை முறையில் வாசகரை வந்தடைந்த கதையின் காலத்தை எப்படிக் கையாண்டது என்பவற்றையே முதலில் பார்க்க வேண்டும் என்பதையும் உங்கள் முன் வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் தொலைக்காட்சித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். இந்த நாவல்களை முதலில் கல்லூரிப் பாடமாகவும், பிறகு பாடம் என்ற கட்டாயம் நீங்கிய நிம்மதியோடும் படித்தவன். அவற்றின் தொலைக்காட்சி வடிவங்களைத் தேடிப் பார்த்து வருகிற தமிழ் வாசகன். வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்த சமூகத்திலிருந்து எழுதுவதால், ஒரு கதையை நடுவில் நிறுத்தி வாசகரைக் காக்க வைப்பது எத்தகைய கலை என்பது எனக்குப் புதிதன்று.

ஓர் எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்கிறேன். 1837 முதல் 1901 வரை விக்டோரியா அரசி ஆண்ட காலத்தில் எழுதப்பட்ட நாவல்களைப் பற்றித்தான் பேசுகிறேன். ஜேன் ஆஸ்டின் 1817-லேயே மறைந்துவிட்டார். அவரையும் டிக்கன்ஸையும் ஒரே அலமாரியில் அடுக்கி இரண்டையும் 'பழங்கால உடை நாடகம்' என்று அழைக்கும் வழக்கத்தால், தொழிற்சாலையும் கடன்சிறையும் நீதிமன்றமும் நிறைந்த நாவல்களிலும் முதலில் காதல் ஜோடியைத் தேடும் மனநிலை பார்வையாளர்களிடம் படிந்துவிட்டது. தயாரிப்பாளர்களிடமும் அது படிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

உடை, ஒப்பனை, அரங்க அமைப்பு ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவற்றுக்கெனத் தனி விருதுகள் இருக்கின்றன. பாஃப்டாவில் அவை தனி விழாவிலேயே வழங்கப்படுகின்றன. ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' 1994-இல் பிபிசி தொடராக வந்தபோது லிங்கன்ஷரில் உள்ள ஸ்டாம்ஃபர்ட் நகரின் கல் வீதிகளில் படமாக்கப்பட்டது. அந்த வீதிகள் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் 1832-ஆம் ஆண்டுத் தேர்தல் சீர்திருத்தச் சட்டத்துக்குச் சற்று முந்தைய ஆண்டுகளில், ரயில் பாதை வரப்போகிறது என்ற செய்தி கேட்டே கலங்கிக் கிடந்த ஒரு சிற்றூரின் அச்சத்தை அந்தக் கற்கள் தாமாகச் சொல்லிவிடமாட்டா. அதைச் சொல்வது எழுத்தின் வேலை. நாடகப் பிரிவில் நீங்கள் மதிப்பிட வேண்டியதும் அதைத்தான்.

இரண்டாவது படிக்கல்லான 'மூலத்துக்கு விசுவாசம்' இன்னும் சிக்கலானது. ஏனெனில் இந்த நாவல்களில் பலவற்றுக்கு மூலம் என்று ஒன்றே ஒன்று கிடையாது. தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' 1891-இல் 'தி கிராஃபிக்' வார இதழில் தொடராக வந்தபோது, குடும்பங்களில் படிக்கப்படும் இதழ் என்பதற்காக, நாவலின் அச்சாணியான நிகழ்ச்சியே மாற்றப்பட்டு, டெஸ் ஒரு போலித் திருமணத்தால் ஏமாற்றப்பட்டதாகக் காட்டப்பட்டது. வெள்ளம் சூழ்ந்த பாதையில் பால்பண்ணைப் பெண்களை டெஸ் காதலிக்கும் ஏஞ்சல் கிளேர் கைகளில் தூக்கிக் கடக்கும் காட்சியும் இதழாசிரியருக்கு உறுத்தியது. எனவே ஹார்டி ஏஞ்சலின் கையில் ஒரு தள்ளுவண்டியைக் கொடுத்து, பெண்களை அதில் ஏற்றிக் கடத்தச் செய்தார். அதே ஆண்டின் இறுதியில் நூலாக வந்தபோது தள்ளுவண்டி மறைந்து கைகள் திரும்பி வந்தன. எலிசபெத் காஸ்கெல், டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' இதழில் 1854-55-இல் எழுதிய 'நார்த் அண்ட் சவுத்' நாவலின் இறுதிப் பகுதியை இதழின் இட நெருக்கடியால் விரைந்து முடிக்க நேர்ந்தது என்று வருந்தி, நூல் வடிவில் அதை விரித்தெழுதினார். டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலுக்கு முதலில் எழுதிய முடிவில் நாயகன் பிப்பும் அவன் காதலிக்கும் எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் சற்று நேரம் சந்தித்துப் பிரிந்துவிடுகிறார்கள். நண்பர் புல்வர் லிட்டனின் ஆலோசனையைக் கேட்டு அவர் அதை மாற்றினார். காஸ்கெலின் 'வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்' முடிவுறும் முன்பே, 1865 நவம்பரில், அவர் இறந்துவிட்டதால் அந்த நாவலுக்கு அவர் எழுதிய முடிவே இல்லை. 1999-ஆம் ஆண்டுத் தொடரில் திரைக்கதையாளர் ஆண்ட்ரூ டேவிஸ், கணவன் ரோஜரோடு நாயகி மோலியும் ஆப்பிரிக்கப் பாலைவெளியில் நடப்பதாக முடித்தபோது எழுந்த கேள்வி 'இது நூலில் உண்டா?' என்பதாக இருந்திருக்கக் கூடாது. 'அப்பா சொன்னபடி வீட்டில் காத்திருந்தே வளர்ந்த இந்தப் பெண்ணுக்கு இந்த நடை பொருந்துகிறதா?' என்பதாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் பொருந்துவதாகவே தோன்றியது.

விசுவாசத்தின் பெயரால் எழுப்பப்படும் குறைகளில் சில நூலையே சரியாகப் படிக்காததால் வருபவை. 2011-ஆம் ஆண்டின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' தொடரில் மிஸ் ஹாவிஷாமாக நடித்த ஜிலியன் ஆண்டர்சன் நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அந்தப் பாத்திரத்துக்கு அவர் மிகவும் இளையவர் என்ற முணுமுணுப்பு எழுந்தது. நாவலைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிப் பதினெட்டு வயதில் லண்டன் வந்ததும், மணநாளில் மிஸ் ஹாவிஷாம் கைவிடப்பட்டது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என்று நண்பன் ஹெர்பர்ட் அவனிடம் சொல்கிறான். பிப் அவளை முதன்முதலில் பார்த்தது அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, சிறுவனாக. அப்படியானால் மணநாளிலிருந்து அப்படியே விடப்பட்ட கல்யாண கேக் அப்போது ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளாகத்தான் மேசைமேல் இருந்திருக்கிறது. அவளுக்கும் நாற்பதை ஒட்டிய வயதுதான் இருந்திருக்கும். நம் மனத்தில் இருக்கும் பல் விழுந்த கிழவி, சிறுவன் பிப்பின் கண்களிலிருந்தும் பழைய திரைப்படங்களிலிருந்தும் வந்தவள்.

இனி என் முதன்மையான வாதத்துக்கு வருகிறேன்.

இந்த நாவல்களில் நிகழ்ச்சிகளைவிடப் பெரிய பாத்திரம் அவற்றைச் சொல்லும் குரல். கதைச் சுருக்கத்தை மட்டும் பார்த்தால் 'பிளீக் ஹவுஸ்' ஒரு சொத்து வழக்கு, ஒரு ரகசியக் குழந்தை, ஒரு கொலை, அதைத் துப்பறியும் ஒரு காவலர் என்று எந்த நெடுந்தொடரிலும் கிடைக்கக்கூடிய சரக்குதான். 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதாந்தரப் பகுதிகளாக வந்த அந்த நாவலைப் பெரும்படைப்பாக்குவது, அதை இரண்டு குரல்கள் மாறி மாறிச் சொல்வதுதான். ஏறத்தாழப் பாதியை எஸ்தர் சம்மர்சன், நடந்து முடிந்தவற்றை நினைவுகூரும் பெண்ணாக, தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். மீதியைப் பெயரில்லாத ஒரு குரல் நிகழ்காலத்திலேயே, சினமும் எள்ளலும் கலந்து சொல்கிறது. தெருவைப் பெருக்கிப் பிழைக்கும் அநாதைச் சிறுவன் ஜோ இறக்கும்போது அந்தக் குரல் கதையை விட்டே வெளியே வந்து, அரசியையும் பிரபுக்களையும் மதகுருமார்களையும் நேராக விளித்து, அவன் இறந்துவிட்டான் என்றும் இப்படித்தான் நம்மைச் சுற்றி நாள்தோறும் இறக்கிறார்கள் என்றும் அறிவிக்கிறது.

2005-இல் ஆண்ட்ரூ டேவிஸ் எழுதிய பிபிசி தொடரில் இந்தப் பெயரில்லாத குரல் கிடையாது. அது இல்லை என்பதையே குறையாகச் சொல்வது எளிது. ஆனால் நடுவர் கேட்க வேண்டியது, அந்தக் குரல் செய்த வேலையைத் தொடரில் வேறு எது செய்கிறது என்பதே. கேமராதான் செய்கிறது என்பது என் கருத்து. காட்சி மாறும்போதெல்லாம் ஓர் உறுமலோடு திரை வெட்டுண்டு பாய்வதும், மாளிகையின் வாசலை நோக்கிப் பார்வை திடீரெனச் சுருங்கி நெருங்குவதும் பழங்காலக் கதைகளுக்குரிய நிதானத்தைக் கெடுக்கின்றன என்று பலர் எரிச்சலடைந்தார்கள். நிதானம் அந்த நாவலில் எங்கே இருக்கிறது? நீதிமன்றத்திலிருந்து பிரபுவின் மாளிகைக்கும் அங்கிருந்து சேரிக்கும் ஒரே பத்தியில் தாவி, இவற்றுக்கிடையே என்ன தொடர்பு இருக்க முடியும் என்று கேட்டு நம்மைச் சீண்டும் குரல் அது. கேமராவின் பதற்றம் அந்தச் சீண்டலைத் திரையில் நிகழ்த்துகிறது. ஆனால் ஜோவின் மரணத்தில் அந்த உத்தி தோற்றுப்போகிறது. அங்கே நமக்குக் கிடைப்பது இரக்கம் மட்டுமே, குற்றச்சாட்டு இல்லை. அந்த இடத்துக்கு ஈடு என்னவாக இருந்திருக்கலாம் என்பதற்கு என்னிடம் விடை இல்லையென்றாலும், இழப்பு இழப்புதான்.

எஸ்தரின் குரலுக்கு நேர்ந்தது வேறு. நாவலில் அவள் தன்னைத் தாழ்த்திக்கொள்வதுபோலவே பிறர் தன்னைப் புகழ்ந்ததையெல்லாம் பதிவுசெய்துவிடுகிறாள். நல்ல வாசகர்களுக்கே சில இடங்களில் பொறுமை போய்விடும். அன்னா மேக்ஸ்வெல் மார்ட்டினின் எஸ்தரிடம் அந்தக் குழைவு இல்லை. அவர் எல்லாவற்றையும் கவனிக்கும் ஒரு முகமாகவே தொடர் முழுதும் இருக்கிறார். பேசுவதைவிடப் பார்ப்பதையே அதிகம் செய்கிறார். கதைசொல்லியைப் பார்வையாளராக மாற்றிய இந்த முடிவு தொலைக்காட்சிக்கே உரிய தீர்வு. அவருக்கு 2006-இல் பாஃப்டாவின் சிறந்த நடிகை விருதும், தொடருக்குச் சிறந்த நாடகத் தொடர் விருதும் கிடைத்தன. அந்த ஆண்டு நீங்கள் சரியாகவே முடிவெடுத்தீர்கள் என்று மகிழ்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்: எஸ்தர் எழுதி வந்த நாவல் ஒரு முற்றுப்பெறாத வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது, அம்மைத் தழும்பேறிய தன் முகத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்து அவள் நிறுத்திக்கொள்கிறாள். தொடரோ கல்யாணக் கொண்டாட்டத்தில் முடிகிறது.

அதே தொடரில் தவணை என்ற அமைப்பைப் புரிந்துகொண்ட விதத்தையும் கவனிக்க வேண்டும். முதல் பகுதி மட்டும் ஒரு மணி நேரம். மற்றவை அரை மணி நேரம். ஆகப் பதினைந்து பகுதிகள், 'ஈஸ்ட்எண்டர்ஸ்' என்ற நெடுந்தொடரைப் பார்த்து முடித்தவர்கள் எழுந்து போகாமல் அமர்ந்து பார்க்கும்படி வாரம் இருமுறை ஒளிபரப்பாயின. இது செவ்வியல் இலக்கியத்தை மலினப்படுத்துவது என்ற பேச்சு எழுந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாதம் ஒரு ஷில்லிங்குக்கு விற்ற மெல்லிய பச்சை அட்டை இதழ்களாக வந்த நாவல் அது. கந்துவட்டிக்காரக் கிழவர் ஸ்மால்வீடு நாற்காலியில் சரிந்து சரிந்து விழுவதையும், தன்னைக் குலுக்கி நிமிர்த்தும்படி பேத்தி ஜூடியை ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக ஏவுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாவலை ஒரே மூச்சில் படிப்பவருக்கு அது அலுப்பூட்டும் ஒரே நகைச்சுவை. ஒரு மாதம் கழித்து அடுத்த பகுதியைக் கையில் எடுக்கும் வாசகருக்கோ, ஐம்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களில் இந்த ஆள் யார் என்பதை நொடியில் நினைவூட்டும் அடையாளச் சீட்டு. ஸ்மால்வீடாக நடித்த ஃபில் டேவிஸ் அந்த ஏவலைத் தொண்டை கிழியக் கத்தும்போது, தொடரின் இடைவெளியும் அந்த அடையாளச் சீட்டும் மீண்டும் ஒன்றுக்கொன்று பயன்படத் தொடங்குகின்றன.

சாண்டி வெல்ஷ் எழுதி 2004-இல் நான்கு பகுதிகளாக வந்த 'நார்த் அண்ட் சவுத்', என் அளவுகோலை இருபுறமும் சோதித்துப் பார்க்க உகந்தது. பஞ்சாலைத் தொழிலாளி பெஸ்ஸி ஹிக்கின்ஸ், பஞ்சு சிக்கெடுக்கும் கூடத்தில் பறக்கும் தூசு நுரையீரலைச் சுற்றி இறுக்கித் தன்னைக் கொல்வதை நாவலில் நாயகி மார்கரெட்டிடம் சொல்கிறாள். கூடத்தின் கோடியில் ஒரு பெரிய சக்கரத்தை வைத்தால் அது காற்றை உண்டாக்கித் தூசை வெளியேற்றும்; ஆனால் அதற்கு ஐந்நூறு அறுநூறு பவுண்டு ஆகும், லாபமும் வராது என்பதால் முதலாளிகள் சிலர்தான் வைக்கிறார்கள். அதற்கும் மேலே ஒன்று சொல்கிறாள்: தூசை விழுங்கிப் பழகிய வயிற்றுக்கு, சக்கரம் வந்த பிறகு பசி அதிகமாகிவிட்டது, ஆகவே கூலியைக் கூட்ட வேண்டும் என்று கேட்ட தொழிலாளரும் உண்டாம். தொடரில் மார்கரெட் ஆலையின் கதவைத் தள்ளித் திறக்கிறாள். வெண்பனி பொழிவதுபோல் கூடம் முழுதும் பஞ்சு மிதக்கிறது. அழகில் மயங்கிய கண்ணுக்கு அடுத்த நொடியில்தான் அதை மூச்சோடு இழுத்துக்கொண்டு நிற்கும் மனிதர்கள் தெரிகிறார்கள். நூலில் பேச்சாக இருந்ததை இத்தனை துல்லியமாகக் காட்சியாக மாற்றியதை வேறெந்தத் தொடரிலும் நான் கண்டதில்லை. நூலில் 'இல்லாத' காட்சி என்று இதற்கு மதிப்பெண் குறைப்பவரை நடுவராக ஏற்க முடியாது.

ஆனால் அதே கூடத்தில் அடுத்து நடப்பது வேறு வகை மாற்றம். ஆலை முதலாளி தார்ன்டன், புகைபிடித்த ஒரு தொழிலாளியைத் துரத்திப் பிடித்து அடித்து உதைப்பதை மார்கரெட் பார்க்கிறாள். இருவரின் அறிமுகமே அதுதான். நாவலில் அவர்கள் ஒரு விடுதி அறையில் மரியாதையாகச் சந்திக்கிறார்கள்; தந்தையைப் பார்க்க வந்தவரை அவள் சோர்வோடு வரவேற்கிறாள்; அவளது நிமிர்வைக் கண்டு அவர் தடுமாறுகிறார். வியாபாரிகளைப் பற்றி அவள் கொண்டிருக்கும் இளக்காரம் அவள் வளர்ந்த தென் இங்கிலாந்தின் மனப்பான்மை என்பதைக் கதைசொல்லி அறிவார், அவள் அறியமாட்டாள். நாவலின் முன்பாதி முழுதும் அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. தொடரோ அவள் கையில் ஓர் ஆதாரத்தைக் கொடுத்துவிட்டது. தொழிலாளியை உதைப்பவரை வெறுப்பது தவறான முன்முடிவு ஆகாதே! பின்னால் தார்ன்டன், நெருப்புப் பிடித்த ஆலையில் மாண்டவர்களை நினைவுகூர்ந்து தன் செயலுக்குக் காரணம் சொன்னாலும், கதைசொல்லிக்கும் நாயகிக்கும் இடையே இருந்த அந்த நுண்ணிய தூரம் போனது போனதுதான். ஒரே கூடத்தில் நிகழ்ந்த இரண்டு மாற்றங்கள். இரண்டும் நூலில் இல்லாதவை. ஒன்று நாவலை ஆழப்படுத்துகிறது, மற்றொன்று அதன் முதுகெலும்பைத் தொடுகிறது. நிகழ்ச்சிப் பட்டியலை வைத்துச் சரிபார்க்கும் நடுவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

இறுதிக் காட்சியை லண்டன் வரவேற்பறையிலிருந்து ரயில் நிலையத்துக்கு மாற்றியதைப் பற்றி ரசிகர்கள் நிறையவே பேசிவிட்டார்கள். நடைமேடையில் எல்லார் முன்னும் முத்தமிட்டுக்கொள்வது 1850-களில் நடக்கக்கூடியதா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். நாவலில் மார்கரெட், வங்கியில் இரண்டரை சதவீத வட்டிக்குச் சும்மா கிடக்கும் தன் 18,057 பவுண்டைக் கடனாகத் தர முன்வருகிறாள். அந்தக் கணக்கைத் திக்கித் திணறிச் சொல்வதே அவளது காதல் மொழி. தொடர் இடத்தை மாற்றினாலும் அந்தக் கடன் பேச்சை மாற்றவில்லை. காதலை வட்டிக் கணக்கில் சொல்லும் காஸ்கெலின் குறும்பு நிலையத்திலும் பிழைத்துக்கொண்டது.

ஜார்ஜ் எலியட்டின் நிலை எல்லாவற்றிலும் கடினம். 'மிடில்மார்ச்' நாவலின் ஓர் அத்தியாயம் நாயகி டோரதியாவின் மனநிலையைச் சொல்லத் தொடங்கி, முதல் வாக்கியத்திலேயே தன்னைத் தடுத்து நிறுத்தி, எப்போதும் டோரதியாவைப் பற்றியே ஏன் பேச வேண்டும், இந்தத் திருமணத்தில் அவள் பார்வை மட்டும்தானா உண்டு என்று கேட்டு, நாம் வெறுக்கத் தொடங்கியிருந்த முதிய கணவர் கசாபனின் உள்ளத்துக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது. எந்தக் கேமராவும் இப்படித் தன் வாக்கியத்தைத் தானே அறுத்துக்கொள்ளாது. 1994-ஆம் ஆண்டுத் தொடர் இறுதியில் ஜூடி டென்ச்சின் குரலில் கதைசொல்லியைப் பேசவைத்து, நாவலின் புகழ்பெற்ற கடைசி வரிகளைத் தருகிறது. அது கேட்க இனியது; ஆனால் ஆறு பகுதிகளாக வாய் திறக்காத ஒருவர் வழியனுப்ப மட்டும் வந்து நிற்பதுபோல் இருக்கிறது. அத்தொடரில் கதைசொல்லியின் உண்மையான வாரிசு கசாபனாக நடித்த பேட்ரிக் மலஹைட் என்பேன். தன் ஆய்வு ஒருபோதும் முடியாது என்பதை அறிந்தும் அறியாததுபோல் நடக்கும் கசாபனின் அச்சத்தை, இரக்கம் கோராமலேயே இரக்கம் வரும்படி அவர் நடித்தார். டோரதியாவாக நடித்த ஜூலியட் ஆப்ரிக்கு பாஃப்டா கிடைத்தது, தகுதியானவர்தான். இருந்தும் எலியட் கேட்ட அந்தக் கேள்விக்குத் தொடர் தந்த விடை மலஹைட்டின் முகத்தில் இருந்தது.

கதைசொல்லியை வெளிப்படையாக மேடையேற்றிய தொடரும் உண்டு. தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' 2018-இல் ஐடிவி தொடராக வந்தபோது மைக்கேல் பேலின் தாக்கரேயாகவே தோன்றி, குடைராட்டினம் சுழலும் பொருட்காட்சித் திடலில் நின்று ஒவ்வொரு பகுதியையும் தொடங்கிவைத்தார். நாவலின் முன்னுரையிலேயே தாக்கரே தன்னைப் பொம்மலாட்ட நிர்வாகியாகக் காட்டிக்கொள்கிறார் என்பதால் இது விசுவாசமான முடிவாகத் தெரியும். ஆனால் நாவலின் கதைசொல்லி வாசலில் நின்று வரவேற்பதோடு நிற்பவர் அல்லர். கதைக்குள் நுழைவார், பாத்திரங்களை ஒரு ஜெர்மன் ஊரில் நேரில் பார்த்ததாகச் சொல்வார். மேஜர் டாபினைத் தேடி வாசகரைப் பத்தாயிரம் மைல் தாண்டி எங்கள் சென்னை ராஜதானியின் ஒரு படைமுகாமில் ஒரே வாக்கியத்தில் கொண்டுவந்து இறக்குவார். முக்கியமான இடத்தில் வாயை மூடிக்கொள்வார். லார்ட் ஸ்டெய்னோடு நாயகி பெக்கி தவறு செய்தாளா என்று அவரே கேட்டுவிட்டுப் பதில் சொல்லமாட்டார். பின்னாளில் பெக்கியோடு வாழ்ந்த ஜோஸ் செட்லி எப்படி இறந்தான் என்பதை எழுத்தில் மழுப்பிவிட்டு, தன் கையால் வரைந்த படத்தில் மட்டும் பெக்கியைத் திரைக்குப் பின்னால் மறைந்து நிற்கவைத்து, கணவனைக் கொன்ற கிரேக்க அரசி கிளைட்டம்நெஸ்ட்ராவின் பெயரை அடியில் எழுதிவிடுவார். எழுத்து மறைத்ததைப் படம் காட்டிக்கொடுக்கிறது! காட்டுவதையே தொழிலாகக் கொண்ட தொலைக்காட்சி இந்த மௌனத்தை என்ன செய்கிறது என்பதே 'வேனிட்டி ஃபேர்' தொடர் எதற்கும் வைக்க வேண்டிய சோதனை. பேலினின் வருகை ரசிக்கத்தக்கதே. ஆனால் அவர் எதையும் மறைப்பதில்லை.

2023-இல் ஸ்டீவன் நைட் எழுதி ஆறு பகுதிகளாக வந்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' தொடருக்குக் கிடைத்த வசைகளில் பெரும்பகுதி கெட்ட வார்த்தைகளையும், அபின் பழக்கத்துக்கு ஆளான மிஸ் ஹாவிஷாமையும், படுக்கையறை வக்கிரங்களையும் பற்றியது. பேரரசின் பணத்தை நாவலுக்குள் வலிந்து திணித்தார்கள் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. பிப்பின் ரகசியப் புரவலரான கைதி மேக்விச்சின் செல்வம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் சேர்ந்தது என்பதும், பிப் கடைசியில் பிழைக்கப் போவது கீழைநாட்டு வணிகக் கிளைக்கு என்பதும் டிக்கன்ஸ் எழுதியவையே. ஆகவே அந்தக் குற்றச்சாட்டு எடுபடாது. என் குறை வேறு. அந்த நாவலை எழுதுபவன் முதிர்ந்த பிப். தன் இளமையின் அற்பத்தனத்தை வெட்கத்தோடு திரும்பிப் பார்ப்பவன். லண்டனில் அவனைப் பார்க்க வரும், அவனை வளர்த்த கொல்லர் ஜோ, தன் தொப்பியை வைக்க இடம் தெரியாமல் கணப்பு மாடத்தின் ஓரத்தில் வைக்கிறார். அது விழுந்துகொண்டே இருக்கிறது. விக்கெட் கீப்பருக்குரிய கவனத்தோடு அவர் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். கடைசியில் அது தேநீர்க் கழிவு ஊற்றும் கிண்ணத்தில் போய் விழுகிறது. இளைய பிப்புக்கு எரிச்சல். எழுதுகிற பிப்போ, நான் இயல்பாக இருந்திருந்தால் ஜோவும் இயல்பாக இருந்திருப்பார், தவறு முழுதும் என்னுடையது என்பதை உணர எனக்கு அப்போது அறிவும் இல்லை, நல்ல மனமும் இல்லை என்கிறான். சிரிப்பும் வெட்கமும் ஒரே தொப்பியில் விழுகின்றன. நைட்டின் தொடரில் எத்தனையோ துணிச்சல்கள் இருந்தும், பிப் தன்னையே தீர்ப்பிடும் இந்தப் பார்வை எனக்குக் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் மதிப்பெண் குறைய வேண்டும், வசைச்சொற்களுக்காக அன்று.

நடிகர் தேர்வைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலேய வெள்ளையர் அல்லாத நடிகர்கள் இத்தொடர்களில் தோன்றும்போதெல்லாம் 'வரலாற்று உண்மை' பேசப்படுகிறது. 2008-இல் பதினான்கு பகுதிகளாக வந்து, மறு ஆண்டு ஏழு எம்மி விருதுகளைப் பெற்ற 'லிட்டில் டாரிட்' தொடரில் டாட்டிகோரமாக ஃப்ரீமா அகியமன் நடித்தார். அநாதை இல்லத்திலிருந்து நல்லெண்ணம் படைத்த ஒரு குடும்பத்தால் வளர்க்கப்பட்டு, அந்த நல்லெண்ணத்தாலேயே மூச்சுத் திணறும் பணிப்பெண் அவள். கோபம் வரும்போதெல்லாம் இருபத்தைந்து வரை எண்ணும்படி வீட்டுத் தலைவர் அவளுக்கு அன்போடு அறிவுரை சொல்வார். கறுப்பினப் பெண் ஒருவரிடம் அந்த அறிவுரை சொல்லப்படும்போது, நாவலில் பாதி மறைந்திருந்த அவமதிப்பு முழுதாக வெளியே வருகிறது. நடிகர் தேர்வும் ஒருவகை வாசிப்புதான். அந்த வாசிப்பு எதையாவது திறக்கிறதா என்று பாருங்கள்.

உங்களிடம் நான் கேட்பவை நடைமுறைக்கு உட்பட்டவையே. திரைப்பட விருதுகளில் சொந்தக் கதைக்கும் தழுவலுக்கும் திரைக்கதை விருதுகள் தனித்தனியாக இருக்கின்றன. பாஃப்டாவின் திரைப்பட விருதுகளிலும் அப்படியே. தொலைக்காட்சியில் மட்டும் நாடக எழுத்துக்கு அந்தப் பிரிவினை இல்லை; எண்ணூறு பக்க நாவலின் கதைசொல்லியோடு மல்லுக்கட்டியவரும் வெற்றுத் தாளில் தொடங்கியவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இருவரில் யாருடைய வேலை பெரிது என்று நான் சொல்லவில்லை. அவை வெவ்வேறு வேலைகள். தழுவல் எழுத்துக்குத் தனி விருது ஏற்படுத்தப்பட வேண்டும். அதுவரையில், ஒரு நாவலின் தழுவல் இறுதிச் சுற்றுக்கு வரும்போது அந்த நாவலை முழுதாகப் படித்த ஒருவராவது குழுவில் இருக்கட்டும். நிகழ்ச்சிகளைச் சரிபார்க்க அல்ல. 'இந்த இடத்தில் நூலில் யார் பேசுகிறார், திரையில் அவர் எங்கே போனார்?' என்று மற்ற நடுவர்களிடம் கேட்பதற்கு. விருதுக்கான காரணத்தைச் சில வரிகளிலேனும் வெளியிட்டால், எழுத்தாளர்களுக்கும் எங்களைப் போன்ற தொலைதூரப் பார்வையாளர்களுக்கும் பயன்படும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது இத்தொடர்களில் பலவற்றின் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் இணையத்தில் கிடைத்துவிடுகின்றன. நடுவர்களும் ஒரே அமர்வில் பார்த்து முடிக்கும் வாய்ப்பு அதிகம். தவணைக்கென்றே கட்டப்பட்ட கதையை அப்படிப் பார்த்தால் ஸ்மால்வீடு போன்ற பாத்திரங்கள் அலுப்பூட்டவே செய்வார்கள். பகுதியின் முடிவில் வைக்கப்படும் திடுக்கிடலும் மலிவாகத் தெரியும். எனவே ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே குறைந்தது சில நாள்களாவது விட்டுப் பார்க்கும்படி உங்கள் விதிமுறைகளிலேயே எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மதிப்பீட்டுக் காலம் அதனால் இரண்டு மாதம் நீளும் என்றால், நீளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஒரு தமிழ் வாசகன்